நல்லதண்ணி வீட்டு மீன்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரஹ்மத்துன்னிஸா ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காயல்பட்டினத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு காலத்தில் இருந்த வழக்கம் அது. கிணற்றில் நாலைந்து கெண்டை விட்டிருப்பார்கள். வெள்ளிதோறும் சோறு போட்டுப் பார்ப்பார்கள். மீன் மேலே வந்து கொத்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர். செத்து மிதந்தால் அன்றைக்கே, யாரும் இறைக்காதபடி, வாளிக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். இறைத்துவிட்டுப் புது மீன் விட்டு, அது ஒரு வாரம் உயிரோடு கிடந்த பிறகுதான் அந்தத் தண்ணீரை வாயில் வைப்பார்கள்.

இப்போது தெருவில் மற்ற கிணறுகள் எல்லாம் மூடிக்கிடந்தன. கடல் ஒவ்வொரு வீடாக வந்துவிட்டது. முதலில் கிழக்குக் கோடியில் இருந்த கிணறு உப்புக் கரித்தது. அதற்கடுத்த வருடம் அடுத்த இரண்டு. ஆற்றில் தண்ணீர் வந்தால் கடல் தள்ளி நிற்கும் என்பார்கள். ஆறு வந்த வருடம் ஊரையே அடித்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது. வராத வருடம் சொட்டுக்கூட வரவில்லை. மூடிய கிணறுகளின் மேல் சிமெண்ட் பலகை போட்டு, அதன் மேல் துணி காயப்போட்டார்கள். மிஞ்சியது ரஹ்மத்துன்னிஸாவின் கிணறு ஒன்றுதான். தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். வீட்டுக்கு ‘நல்லதண்ணி வீடு’ என்று பேர் வந்தது. அந்தப் பேரைக் கேட்டுத்தான் இளைய மகள் மர்வாவுக்கு நல்ல இடத்திலிருந்து கல்யாணப் பேச்சு வந்திருந்தது.

அன்றைக்குச் சோறு மிதந்தது. அதன் பக்கத்தில் நான்கு கெண்டைகளும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

ரஹ்மத்துன்னிஸா சுற்றிலும் பார்த்தாள். வாளியை விட்டாள். மீன்கள் வழுக்கிக்கொண்டு விலகின. நாலாவது தடவை வாளி இறங்கியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூத்தவள் அஃபீஃபா, ஐந்து மாத வயிற்றோடு, பல் துலக்கும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“உம்மா... மீனு செத்துட்டா?”

“வாய மூடுளா. தெரு முழுக்கக் கேக்கட்டும்னு கத்துதியா?”

“நேத்தே சொன்னேன்லா. தண்ணி உப்பாக் கரிக்கி.”

“மாசமா இருக்கவளுக்கு நாக்கு அப்படித்தான் இருக்கும். உன்ன வயித்துல வச்சிருக்கயில எனக்குத் தேனு வேப்பெண்ணையா இருந்துச்சு. அதுக்காகத் தேனையெல்லாம் மூடி வச்சிட்டாங்களா?”

நான்கு மீன்களையும் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தெருக் கதவைத் திறந்தாள். முதல் குடம் வந்து நின்றபோது, “இன்னைக்கு மோட்டாரு போட்டு இறைக்கணும், நாளைக்கு வாங்க” என்று சிரித்த முகத்தோடு சொன்னாள்.

அஃபீஃபாவுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். புருஷன் ரியாஸ் தம்மாமில் குளிர்சாதன வேலை பார்த்தான். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளை நிற்க வேண்டும் என்று ரஹ்மத்துன்னிஸா நோன்பு நேர்ந்திருந்தாள். இது பொய்யில்லை. இந்தக் கதையில் அவள் சொல்கிற பொய்களுக்கு நடுவே இது ஒன்று உண்மை.

மத்தியானம் சிவனணைந்தபெருமாள் வந்தான். ஆத்தூர்ப் பக்கத்துக் குளங்களில் வலை போடுகிறவன். வண்டியின் பின்னால் பெரிய அலுமினியப் பானையில் மீன் உயிரோடு துள்ளும்.

“கெண்டைக் குஞ்சு நாலு வேணும் அண்ணாச்சி. கிணத்துல விட.”

அவன் சிரித்தான். “கெண்டையா? அத எங்க போய்த் தேட? அந்த வெள்ளத்துல பண்ணைக்காரன் வளத்த மீனெல்லாம் ஒடைச்சிட்டு வெளிய வந்துட்டு. ஆறு, வாய்க்கா, கொளம், எங்க பாத்தாலும் அதுதான். பொறவு ஒரு வருசம் மழையே இல்ல. கெடந்த சேத்துத் தண்ணியும் சட்டி மாதிரி கொதிச்சுக் கெடந்துச்சு. நம்மூரு மீனு முட்ட போட்டா இதுவ முழுங்கிருது. போன மாசம் பதினெட்டுப் பேரு ஒரு கொளத்த வாரினோம். அயிரை ஒண்ணு இல்ல. ஆரல் ஒண்ணு இல்ல. குறவை ரெண்டு கெடந்துச்சு, அதுவும் நோஞ்சான். மிச்சம் பூரா ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்.”

“இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நான் என்ன மீன்துறையா?”

“சரி, விடுங்க. ஜிலேபி கொண்டுபோங்க. சாக்கடையிலயும் நிக்கும், கடத்தண்ணியிலயும் நிக்கும். அடிச்சாலும் சாவாது.”

ரஹ்மத்துன்னிஸா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

“சாவாதுல்லா?”

“செத்தா நானே வந்து அடக்கம் பண்ணிட்டுப் போறேன்.”

ஆறு மீன் வாங்கினாள். அவன் சொன்னதில் ‘சாவாது’ என்பதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோனாள். மற்றதைத் தெருவிலேயே விட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சோறு விழுந்த இடத்தில் தண்ணீர் கொதித்தது போலிருந்தது. ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து விழுங்கின. கிணற்றைச் சுற்றி நின்ற பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். “மாமி வீட்டு மீன் நம்மளவிடக் கொழுப்பா இருக்கு” என்றாள் பக்கத்து வீட்டு முஸ்லிஹா. அவளும் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு இது முதல் பிள்ளை. குடத்தை நிரப்பும்போது எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள்.

சித்திரை வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை கீழே போயிற்று. அஃபீஃபாவின் கால் வீங்கியது. சுகாதார நர்ஸ் விஜிலா மாதம் ஒருமுறை வருவாள். ஆலந்தலைக்காரி, அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அஃபீஃபாவின் கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அழுத்தி, முகத்தைச் சுளித்தாள்.

“பிரஷர் கூடியிருக்கு. உப்பக் கொறைங்க. ஊறுகா, கருவாடு, அப்பளம், ஒண்ணும் கண்ணுல காட்டக்கூடாது. தண்ணி நெறையாக் குடிக்கச் சொல்லுங்க.”

“நம்ம கிணத்துத் தண்ணிதான் குடிக்கா” என்றாள் ரஹ்மத்துன்னிஸா. “தெருவே குடிக்கி.”

விஜிலாவுக்கு அன்றைக்கு இன்னும் பதினோரு வீடு இருந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நர்ஸ் சொன்னதை ரஹ்மத்துன்னிஸா எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாள். அஃபீஃபாவுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. அதில் ஒரு கல் உப்பு விழவில்லை. காலையில் ஒரு சொம்பு, பதினோரு மணிக்கு ஒரு சொம்பு, அஸர் தொழுகைக்கு முன்னால் ஒரு சொம்பு என்று பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். அஃபீஃபா பாதியில் நிறுத்தினால் சொம்பின் அடியைத் தன் கையால் தூக்கிவிட்டாள். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக்குள் இறங்கும்.

“குமட்டுது உம்மா.”

“குமட்டட்டும். போன பிள்ளைய நீ உன் இஷ்டத்துக்கு இருந்துதான் தொலைச்ச. இத நான் தொலைக்க விடமாட்டேன்.”

அடுத்த மாதம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. விஜிலா மாத்திரை கொடுத்தாள். “உப்பு திங்கிறாளாக்கா?” என்று கேட்டாள். “நான் பாத்துக்கிடுதேன்” என்று ரஹ்மத்துன்னிஸா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அன்று மத்தியானம் மர்வா, அக்காவின் சட்டியிலிருந்து ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து வாயில் வைத்தாள். காலேஜ் விட்டு வந்த பசி.

“உப்பே போடலங்கிய. கஞ்சி உப்பாத்தான இருக்கு?”

ரஹ்மத்துன்னிஸா எழுந்து வந்து ருசி பார்த்தாள். உப்பாகத்தான் இருந்தது. ஒரு கணம் அப்படியே நின்றாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு போட்டா? நீ போட்டியா, அவ போட்டாளா?”

“நான் ஏன் போடுதேன்?” என்றாள் மர்வா.

“அப்ப அவதான்.”

அஃபீஃபாவின் பீரோவைத் திறந்தாள். துணிகளை இழுத்துத் தரையில் போட்டாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளும் விழுந்தன. அடித்தட்டில் ஒரு பழைய நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. எப்போதோ கழுவி, ஊக்கும் பித்தானும் போட்டு வைத்தது. மோந்து பார்த்தாள். வாசனை இருக்கிறது என்று முடிவு செய்தாள். ரியாஸுக்கு வீடியோ கால் போட்டு, பாட்டிலைக் காமிராவுக்கு நேரே பிடித்தாள்.

“பாருங்க மாப்பிள்ள. நர்ஸு வேண்டாம்னு தலப்பாடா அடிச்சிட்டுப் போறா. இவ ஒளிச்சு வச்சுத் திங்கா.”

“மாமி, அவகிட்டக் குடுங்க” என்றான் ரியாஸ். வேலையிடத்துத் தொப்பி தலையில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை. “அஃபீ, நான் இங்கன அம்பது டிகிரியில வேகுதேன். எதுக்காக? ஒரு நாக்க அடக்க முடியலயா உனக்கு?”

“நான் திங்கல.”

“அப்ப உப்பு எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா?”

“தண்ணியிலேருந்து வருது. கிணத்துத் தண்ணி முழுக்க உப்பு. நான் சொன்னா யாரும்...”

அவள் முடிக்கவில்லை. ரஹ்மத்துன்னிஸா போனைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அஃபீஃபாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஏழு மாத வயிறு நிலைப்படியில் இடிபடாமல் இருக்க அஃபீஃபா பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். ரஹ்மத்துன்னிஸா சோற்றை வீசினாள். காமிராவைக் கீழே காட்டினாள். மீன்கள் இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தன. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன.

“பாருங்க மாப்பிள்ள. வெள்ளியோட வெள்ளி எட்டு வாரமாச்சு. ஒண்ணு கொறையல. உப்புத் தண்ணியில மீனு இப்படி நிக்குமா? மீன நம்பவா, இவள நம்பவா?”

ரியாஸும் அந்த ஊர்ப் பிள்ளைதான். வெள்ளிக்கிழமைச் சோற்றைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

“மாமி சொல்லுதபடி கேளு அஃபீ” என்றான். போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அஃபீஃபா வாதாடவில்லை. மர்வாவைக் கெஞ்சி, கடையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். மர்வா அதைப் புத்தகப் பைக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுவந்தும் வாசலிலேயே பிடிபட்டாள்.

“நல்லதண்ணி வீட்டுக்குள்ள கேன் தண்ணி போகுதுன்னு நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவா? உன் சம்பந்தம் நிக்குமா?” என்றாள் ரஹ்மத்துன்னிஸா மர்வாவிடம், மெதுவான குரலில். கேனைத் திறந்து வாசல்படியில் ஊற்றிக் காலைக் கழுவிக்கொண்டாள். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரும் அந்த வீட்டில் துணி துவைக்கத்தான். வெள்ளத்தின்போது அது சேறாக வந்ததிலிருந்து ரஹ்மத்துன்னிஸா அதை வாயில் வைத்ததில்லை.

மர்வா ஈரமான படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அஃபீஃபா கேட்டபோது, “எனக்குப் பரீட்சை இருக்கு ராத்தா” என்றாள்.

எட்டாம் மாதம், ஒரு பிற்பகல். அஃபீஃபா பாயில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். தலை வெடிக்கிறது என்றாள். “ஒரு சொம்பு குடிச்சிட்டுப் படு, வெயிலுதான்” என்று ரஹ்மத்துன்னிஸா கொண்டுவந்தாள். பாதி குடித்தாள். சொம்பு கையிலிருந்து நழுவியது. அஃபீஃபாவின் கண்கள் மேலே செருகின. பல் கிட்டித்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கொட்டிய தண்ணீரிலேயே கிடந்து துடித்தாள்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளைப் பிழைக்க வைத்தார்கள். பிள்ளையை வெளியே எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தலைமுடி நிறைய இருந்தது. அழவில்லை.

ரியாஸின் அண்ணன் அஸ்கர் வந்து, துணியில் சுற்றிய பிள்ளையை ஒரு கையால் ஏந்தி, காரில் ஏறிக் கபரடியில் அடக்கம் பண்ணக் கொண்டுபோனான். அவ்வளவு சின்னதாக இருந்தது.

மறுநாள் விஜிலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வருகிற வழியில் நல்லதண்ணி வீட்டுக்குப் போய், மர்வாவிடம் கேட்டு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். நடைக்கூடத்தின் மூலையில் ரஹ்மத்துன்னிஸாவை நிறுத்தி, பேனா மாதிரி இருந்த ஒரு கருவியைப் பாட்டிலுக்குள் விட்டுக் காட்டினாள். எண் ஓடி ஓடி நின்றது.

“இது மனுசர் குடிக்கிற தண்ணியே இல்லக்கா. நான் முதல்லயே பாத்திருக்கணும். எம்மேலயும் தப்பு. பிரஷர் இருக்கவளுக்கு இதப் போய் சொம்பு சொம்பா...”

“மீனு இருக்கே” என்றாள் ரஹ்மத்துன்னிஸா.

“என்ன மீனு?”

“ஜிலேபி. கெண்டை செத்த பொறவு விட்டது.”

விஜிலா அவளையே பார்த்தாள். “அது எங்க ஊருல ஆறும் கடலும் சேருத எடத்துல கெடக்கும்க்கா. எங்கப்பா வலையில வரும். வித்தவன் சொல்லலியா?”

“சொல்லல” என்றாள் ரஹ்மத்துன்னிஸா.

“கெண்டை செத்தப்பவே கயித்த எடுத்திருந்தியன்னா...” விஜிலா நிறுத்திக்கொண்டாள். “தெருவுல இன்னும் யாரு குடிக்கா? முஸ்லிஹா மாசமா இருக்காள்லா? அவளுக்கும் இந்தத் தடவ பிரஷர் கூடத்தான் இருக்கு. நான் இப்பமே போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“வேண்டாம். எங்க வீடு, எங்க தெரு. நானே சொல்லுதேன்.” ரஹ்மத்துன்னிஸா விஜிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பிள்ளையப் பறிகொடுத்துட்டு நிக்கிறோம்மா. இதையாவது எங்க வாயால சொல்ல விடு.”

விஜிலா அதை நம்பினாள்.

ஒன்பதாம் நாள் அஃபீஃபாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிணற்றடியைப் பார்த்த அறையில் படுக்க வைத்தார்கள். தெருப் பெண்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எப்படி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். விஜிலாவின் பேனாவில் ஓடி நின்ற எண் ரஹ்மத்துன்னிஸாவின் கண்ணுக்குள் இருந்தது. அதோடு, அடுத்த மாதம் மர்வாவைப் பார்க்க வரப்போகிறவர்கள் இருந்தார்கள். சிமெண்ட் பலகை போட்டு மூடிய கிணறுகள் இருந்தன. அந்தக் கிணற்றுக்காரிகள் தன் வாசலில் குடத்தோடு நின்ற வருடங்கள் இருந்தன.

“எல்லாம் நஸீபு, தலையெழுத்து” என்றாள். “வேற என்ன சொல்ல? உப்பத் திங்காதன்னு நர்ஸு சொன்னா, நான் சொன்னேன், மாப்பிள்ள சொன்னாரு. ஊறுகாய ஒளிச்சு வச்சுத் தின்னா. கண்ணுக்குத் தெரிஞ்சா பிடிக்கலாம். எத்தன நாளு காவலு இருக்க?”

பெண்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். ஒருத்தி, “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வாயிதான்” என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அஃபீஃபா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். பால் கட்டி நெஞ்சு கல்லாக இருந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் முஸ்லிஹா தயங்கித் தயங்கி எழுந்தாள். “துக்க வீட்டுல கேக்கக் கூடாது மாமி. ஒரு கொடம் எடுத்துக்கிடட்டா? வீட்டுல பொட்டுத் தண்ணி இல்ல.”

கிணற்றடிக்குப் போய் வாளியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அறையிலிருந்து சத்தம் வந்தது. பலமில்லாத, கிழிந்த சத்தம்.

“முஸ்லிஹா, எடுக்காத. அதக் குடிக்காத. உப்புத் தண்ணிளா அது. எம்பிள்ள அதுலதான் போச்சு.”

எல்லாரும் நின்றார்கள். முஸ்லிஹா வாளியைப் பிடித்தபடியே ரஹ்மத்துன்னிஸாவைப் பார்த்தாள். மற்றவர்களும் அவளைப் பார்த்தார்கள்.

ரஹ்மத்துன்னிஸா துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் உண்மையாகவே வந்திருந்தது.

“டாக்டரு சொன்னாரு” என்றாள். “கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் என்னத்தயாச்சும் பேசுவாளாம். பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கு யாரையாச்சும் எதையாச்சும் பழி சொல்லணும்லா?”

“பாவம்” என்றாள் ஒருத்தி.

“நான் வேணும்னா நாளைக்கு வாரேன் மாமி” என்றாள் முஸ்லிஹா.

“ஏளா, உனக்கென்ன வந்துச்சு? இங்க கொண்டா.” ரஹ்மத்துன்னிஸா வாளியை வாங்கித் தானே இறைத்தாள். அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் முஸ்லிஹாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மர்வா எழுந்து போனாள். அக்காவைத் தேற்றப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் உள்ளே போகவில்லை. அறைக் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

குடம் நிறைந்தது. முஸ்லிஹா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிறு இடிபடாமல், தண்ணீர் தளும்பாமல், மெல்ல மெல்லத் தெருவில் இறங்கிப் போனாள்.